குஷேகு சாலையில் நின்ற கார்

மதியத் தேர்வு ஒரு மணிக்கு. கேள்வித்தாள்களோடு குஷேகு காவல் நிலையத்திலிருந்து நாங்கள் பள்ளிக்குக் கிளம்பியபோது பதினொன்றே முக்கால். தேர்வுக் கண்காணிப்பாளர் வும்பினி மேடம் முத்திரை வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் இருந்தார். என் பக்கத்தில் துப்பாக்கியோடு கான்ஸ்டபிள் அக்பெக்கோ. தெற்கத்திக்காரர், எங்கள் ஏப்ரல் வெயில் அவருக்குப் பழகவில்லை.

என் வாடகைக் கார் இரண்டு வாரமாகவே சூடேறினால் நின்றுவிடும். அரை மணி ஆறவிட்டால் கிளம்பும். பெட்ரோலில் அழுக்கு என்றார் மெக்கானிக், வடிகட்டியை மாற்றினேன். அதன் பிறகும் ஒருமுறை நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தேர்வு வேலைக்கு வேறு காரைப் பிடித்துவிடுவார்கள்.

பாதி வழியில், கண்ணுக்கெட்டிய தூரம் ஊரே இல்லாத செம்மண் சாலையில், இன்ஜின் இரண்டு முறை குலுங்கி அணைந்தது. சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை.

"எறங்காத," என்றார் அக்பெக்கோ. "ரெண்டு வருஷம் முன்னாடி இப்படித்தான் ஒரு வண்டி நின்னுச்சு. நின்ன எடத்துலயே பேப்பர் வெளிய போயிடுச்சு. ஃபோனக் குடு."

கொடுத்தேன். "எறங்காம எப்படிப் பாக்குறது ஆபீசர்? ஒங்க ஊருல இன்ஜின் சீட்டுக்குள்ளயா இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. மேடம் கேட்டார்: "டிரைவரே, இதுக்கு முன்னாடி இப்படி நின்னிருக்கா?"

"இல்ல மேடம். இதான் மொதத் தடவ."

அவர் அதை நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 

அக்பெக்கோவைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, இறங்கிப் போய்ப் பின்பக்க டாங்கில் காதை வைத்தேன். பெட்ரோலை இன்ஜினுக்கு ஏற்றும் பம்ப் முனகியது. அப்படியானால் பெட்ரோல் வருகிறது. பிளக்கைக் கழற்றி இரும்பில் ஒட்டிப் பிடித்தேன். பொறி இல்லை. பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் மேல் ஈரத்துணி போட்டுப் பார்த்தேன், அதற்கும் மசியவில்லை.

"ஆபீசர், திருப்பும்போது இன்ஜின் வேகம் காட்டுற முள்ளு அசையுதா?"

"செத்துக் கெடக்கு."

அப்போதுதான் புரிந்தது. இன்ஜின் சுற்றுவதைக் கண்டு சொல்லும் சென்சார் கீழே, புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. சூட்டில் அது ஊமையாகிவிட்டால் பொறி எங்கிருந்து வரும்?

"அத ஆறவைக்கத் தண்ணி வேணும்."

குடிக்க வைத்திருந்த தண்ணீரில் மூன்றே பாக்கெட் மீதி இருந்தது. "அதயும் ஊத்திட்டு, வண்டி கெளம்பலன்னா எதக் குடிக்கிறது?" என்றார் அக்பெக்கோ. உதடு வெடித்திருந்தது அவருக்கு.

"அங்க நாப்பத்தோரு புள்ளைங்க ஒக்காந்திருக்கு," என்ற மேடம் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

காருக்கடியில் மல்லாந்து படுத்துச் சென்சார் மேல் பீய்ச்சினேன். புகைக்குழாய் பட்டு மணிக்கட்டு வெந்தது. மூன்றாவது பாக்கெட்டில் அக்பெக்கோவின் குரல் கேட்டது: "முள்ளு துள்ளுதுய்யா."

பள்ளியை அடைந்தபோது ஒன்று ஐம்பது. தலைமையாசிரியர், கேள்விகள் வெளியிலிருந்து தெரிந்துவிடாதபடி, பிள்ளைகள் யாரையும் வெளியே விடாமல் வைத்திருந்தார். தேர்வு நடந்தது.

விவகாரம் அதற்குப் பிறகுதான். தாமதத்தை விசாரிக்க வந்தவர்கள் என் மெக்கானிக்கிடம் போனார்கள். இரண்டு வாரமாகக் கோளாறு என்று அவர் சொன்னார். மேடத்தின் குறிப்பேட்டிலோ முதல் தடவை என்றிருந்தது. மேடம் தெரிந்தே பொய் எழுதினார், வண்டியை நிறுத்தியதில் அவருக்கும் பங்கு என்று முடிவுகட்டி, அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிள்ளைகளின் தேர்வு முடிவையும் நிறுத்திவைத்தார்கள்.

நான் நான்கு நாள் விசாரிப்பவர்களிடம் போகாமல் இருந்தேன். பயம்தான். ஐந்தாம் நாள் போய், பொய் என்னுடையது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பை மேடத்தின் மடியை விட்டு நகரவில்லை என்று அக்பெக்கோவும் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் பிள்ளைகளின் தேர்வு முடிவு வந்தது. மேடமும் வேலைக்குத் திரும்பினார். கண்காணிப்பாளர் பொறுப்பை மட்டும் திருப்பித் தரவில்லை.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டார்.

"வண்டி நின்னதுக்கு ஒன்ன ஒண்ணும் சொல்லல," என்றார். "ரோட்டுல வச்சு ஒன்னக் கேட்டேன்ல? அப்பச் சொல்லியிருக்கலாம். அப்படியே எழுதியிருப்பேன்."

 அவர் உட்காரச் சொல்லவில்லை.