சுவரொட்டி

இஞ்ஞாசிமுத்துவின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். வெட்டியதற்காக நான் வருத்தப்படவில்லை. என் வருத்தம் வேறொன்றுக்கு.

நான் அய்யம்மாள். ராயப்பன்பட்டியில் ஆடறுத்துக் கறி விற்கிறவள். பெரியாற்றில் அணை கட்ட ஊர் ஊராக ஆள் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. என் புருஷன் சங்கிலி அணை வேலைக்கு மலையேறிப் போனதும் கத்தி என் கைக்கு வந்தது. ஊரில் முக்கால்வாசி வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். என் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இஞ்ஞாசிமுத்துவின் வீடு. அவனுடைய இரண்டாம் தாரம் ஆரோக்கியம்மாளும் நானும் ஒரே மாதத்தில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அவள் மாதாவைக் கும்பிடுவாள், நான் கருப்பசாமியைக் கும்பிடுவேன். புருஷன்களைத் திட்டும்போது மட்டும் எங்களுக்குள் ஒரு பேதமும் இருந்ததில்லை.

அவளுக்கு முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் செத்துப் பிறந்தது. மறுபடி உண்டாகி ஐந்தாம் மாதம் நடக்கும்போது சோகை பிடித்துக்கொண்டது. நாக்கு வெளுத்துவிட்டது. கண் இமையை இழுத்துப் பார்த்தால் பொட்டுச் சிவப்பு இல்லை. குடத்தைத் தூக்கிப் பத்தடி வைப்பதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவாள். யாரும் பார்க்காதபோது உடைந்த மண்சட்டியைக் கடித்துத் தின்பாள். இஞ்ஞாசிமுத்துவுக்கு இதெல்லாம் சோம்பேறித்தனம். களை எடுக்கையில் அவள் உட்கார்ந்தால் மாட்டைக் குத்துகிற தார்க்குச்சியால் முதுகில் குத்துவான். மாமியார் செபஸ்தியம்மாள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். மகனுடைய முதல் தாரமும் இப்படியே வெளுத்துப் பிரசவத்தில் செத்தாள். அதெல்லாம் அந்தக் கிழவிக்கு ஞாபகமே இல்லாதது போல இருக்கும்.

சோகைக்கு சுவரொட்டியை விட மருந்து கிடையாது. ஆட்டின் மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்வோம். உள்ளங்கை அகலம், கருஞ்சிவப்பு, ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லி அதை ஒளித்துவைப்பேன். தணலில் வாட்டி, உப்பைத் தடவி, வேலி இடுக்கு வழியாக நீட்டுவேன்.

"குமட்டுது அய்யம்மா."

"குமட்டுனா குமட்டட்டும். மூக்கப் பொத்திக்கிட்டு முழுங்குடி."

முருங்கைக்கீரை, கேப்பைக்களி, கருப்பட்டி போட்டு இடித்த எள்ளு என்று விடாமல் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் நகக்கண் சிவந்தது. ஒருநாள் நிறைகுடத்தோடு எங்கும் நிற்காமல் வீடு வரைக்கும் நடந்து, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அவர்களுடைய தபசு காலம் வந்தது. நாற்பது நாளும் கறி தொடக்கூடாது.

"பிள்ளத்தாச்சிக்கும் சீக்காளிக்கும் விலக்கு உண்டுன்னு ஒங்க சாமியார் சொன்னாகளாமே?"

"சொன்னாகதான். எங்க அத்த ஒத்துக்கிடாது. எனக்கும் மனசு ஒப்பல அய்யம்மா. ஆண்டவரு பாடுபட்ட நாள்ல கறி தின்னா இந்தப் பிள்ளையும் நிக்காது."

அழுதேன், கத்தினேன். அவள் அசையவில்லை. இரண்டு வாரத்தில் கால் வீங்கியது. வயல் சேற்றில் முகங்குப்புற விழுந்தவளைத் தூக்கி வரப்பில் கிடத்தியது நான்தான்.

அப்போதுதான் அந்தத் திருட்டு வேலையைச் செய்தேன். சுவரொட்டியை வாட்டி, மைபோல் இடித்து, முருங்கைக்கீரையில் கலந்து, "வெறும் கீரைதாண்டி" என்று கொடுத்தேன். நம்பித் தின்றாள். நல்லதைத்தானே செய்கிறோம் என்று எனக்கு ஒரே திமிர். நான்கு தடவை கொடுத்தேன். ஐந்தாம் தடவை மிச்சம் வைத்த கீரையோடு சட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். கழுவ எடுத்த கிழவியின் விரலில் சுவரொட்டியின் தோல் தட்டுப்பட்டது. அதுவும் கருப்பசாமிக்கு வெட்டிய ஆடு. ஊருக்கே தெரியும்.

கிழவி போட்ட சத்தத்தில் கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு ஓடினேன். ஆரோக்கியத்தை இஞ்ஞாசிமுத்து வண்டிச் சக்கரத்தில் கட்டியிருந்தான். எட்டு மாத வயிறு ஆரக்காலில் அமுங்கியிருந்தது. மாட்டுச் சாட்டை முதுகில் இறங்கிய ஒவ்வொரு முறையும் ரவிக்கை கிழிந்து, அப்புறம் தோலும் கிழிந்தது.

"பேய்க்குப் படைச்சதத் திங்கவாடி ஒனக்கு ஞானஸ்நானம் குடுத்தாக? யாருடி குடுத்தா?"

"நாந்தான் கேட்டு வாங்கித் தின்னேன்." அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சேதான் தின்னேன்."

பச்சைப் பொய். என்னைக் காப்பாற்ற, அவளுடைய சாமி பாடுபட்ட நாளில் சொன்ன பொய்.

"ஏலே, நாந்தாண்டா கலந்தேன்! அவளுக்குத் தெரியாது!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். அவன் என் முகத்தில் சாட்டையை வீசினான். இடது கண் இருண்டது. அடுத்த வீச்சுக்கு ஓங்கிய கையைப் பார்த்து வெட்டினேன். விரல்கள் சாட்டையோடு விழுந்தன. அலறி மண்டி போட்டவனின் தலைமுடியைப் பிடித்து, சக்கரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவன் கையை அவள் முதுகோடு சேர்த்துப் பிடித்தேன்.

"நல்லாப் பாருடா! இது ஒன் ரத்தம். அவளோடதப் பாரு!"

தினமும் ரத்தத்தில் கை நனைக்கிறவள் நான். அவனுடையது கெட்டியாகச் சொட்டி மண்ணில் உறைந்தது. அவள் முதுகில் வழிந்தது கறி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. உறையவேயில்லை. செபஸ்தியம்மாள் கிட்டே வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். மருமகளின் கட்டை அவிழ்த்தாள்.

அதற்கப்புறம் என்னை அந்த வீட்டுக்குள் விடவில்லை. வேலி இடுக்கையும் முள் வைத்து அடைத்துவிட்டார்கள். அவள் இருக்கிறாளா போய்விட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் கையை வெட்டப்போவதாக அவன் பங்காளிகள் சொல்லி அனுப்பினார்கள். ஓடினால் அவள் கதி தெரியாமலே போகும். ஆட்டை உரித்துத் தொங்கவிட்டு, கத்தியோடு வீட்டு வாசல் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பூசை முடிந்து ஊரே தெருவில் வந்தது. பங்காளிகள் நான்கு பேர் கையில் அரிவாள். கட்டுப் போட்ட கையோடு இஞ்ஞாசிமுத்து. அவர்களை விலக்கிக்கொண்டு செபஸ்தியம்மாள் முன்னால் வந்தாள். நான் எழுந்து கத்தியை ஓங்கினேன். கிழவி நிற்கவில்லை. முந்தானைக்குள் இருந்து சட்டியை எடுத்து நீட்டினாள். என் கை தானாக இறங்கியது.

"கத்திய எதுக்குக் கீழ எறக்குற? சுவரொட்டிய வெட்டி எடு."

"பெரியாத்தா, ஊரு பாக்குது! தபசு காலத்துல..." என்றான் ஒரு பங்காளி.

"பாக்கட்டும்! மூத்தவளுக்கும் இப்படித்தான் ரத்தம் தண்ணியாப் போச்சு. அந்தப் பாயக் கழுவுனவ நானு. வாயத் தொறக்கலயே, பாவி நானு! என்னிய வெட்டிட்டு அவ கையில வைய்யி அருவாள."

யாரும் நகரவில்லை. இஞ்ஞாசிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். நான் கிழவியிடம் கேட்டேன்.

"ஆரோக்கியம் எப்படி இருக்கா ஆத்தா?"

"கெடக்கா. வயித்துல பிள்ள துடிக்குது. அவதான் என்னிய இங்கன அனுப்புனா." கிழவி சட்டியை என் கையில் திணித்தாள். "இந்தத் தடவ சொல்லிட்டுக் குடுக்கச் சொன்னா."

நான் சுவரொட்டியை அறுத்துச் சட்டியில் போட்டேன். வேலிப் பக்கம் திரும்பி, ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"ஆரோக்கியம்! இது கீரை இல்லடி! சுவரொட்டி! திங்கிறியா?"

 அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது.

"திங்கிறேன். உப்பக் கொறச்சுப் போடு."