அளவு ஜாக்கெட்

மூன்று முறை மாத்திரையை மாற்றியும் தஹ்சீனின் படபடப்பு கேட்கவில்லை. செங்கம் சாலையில் தையல் கடை வைத்திருக்கும் அவள், டாக்டர் "எப்படி இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் வேலூர் பஸ்ஸில் மூச்சு முட்டி, செத்தே போவோம் என்று நடுங்கிய கதையைத்தான் சொல்வாள். அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது.

அன்று துணி தைக்கக் கொடுக்க வந்த பொன்னி பழைய ஜாக்கெட்டை நீட்டி, "இந்த அளவுக்கே தச்சிடுங்கக்கா" என்றாள்.

தஹ்சீனுக்குச் சுள்ளென்று வந்தது. "இது எந்தக் காலத்து ஜாக்கெட்டு? உடம்பு மாறிடுச்சுல்ல? பழைய அளவைக் குடுத்துட்டு, கை ஏறலைனு எங்கிட்டயே சண்டைக்கு வருவீங்க. வந்து நில்லுங்க!"

டேப்பைப் பொன்னியின் தோளில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டாக்டரிடம் நாம் மட்டும் எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?

மாலை நாலு மணிக்குப் படபடப்பு வந்தது. வழக்கமாக உள்ளே ஓடிப் படுத்துக்கொள்பவள், இன்று அளவு நோட்டைத் திறந்தாள். முதலில் விரல் நுனி மரத்தது. பிறகு தாடை இறுகியது. அதற்கப்புறம்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு முட்டவே இல்லை! அது எப்போது நின்றது? வந்த வரிசையிலேயே எழுதினாள். திங்கட்கிழமை டாக்டரிடம் இதைத்தான் காட்ட வேண்டும்.

முகத்தைப் பார்த்த கணவன் காசிம் பதறினான். "தண்ணி கொண்டாரட்டா?"

"சும்மா இருங்க, இன்னும் அளவெடுத்து முடியல" என்று அதட்டினாள். "முதுகு பாக்கி இருக்கு."