தீர்ப்புக்கு முன் வந்த தட்டுகள்

எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக் கல்லூரியில் கணினி முதுகலை இரண்டு வகை. ஒன்று ஆராய்ச்சிக்கு, மற்றது தொழிலுக்கு. ஆராய்ச்சிக்காரர்கள் மாடியில் இருப்பார்கள்; ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். தொழில்காரர்களான எங்களுக்குக் கீழே, கழிப்பறைக்குப் பக்கத்து ஆய்வகம். ஜன்னலைத் திறக்காமல் இருப்பதே நல்லது. ஒரு நிரல் ஏன் ஓடுகிறது என்று அவர்கள் எழுதுவார்கள். நாங்கள் அதை ஓடவைக்க வேண்டும்.

கடைசி அரையாண்டை ஒரு நிறுவனத்தில் கழித்து, அங்கே நிஜமாகப் பயன்படும் ஒன்றைச் செய்து, நடுவர்கள் முன் காட்ட வேண்டும் என்பது விதி. நாங்கள் எல்லோரும் வங்கி, காப்பீடு என்று போனோம். குஃப்ரான் இனிப்புக் கடைக்குப் போனாள்.

"பாதாம் உடைக்கவா இவ்வளவு படிச்சே?" என்று கேட்டேன்.

"உன் வங்கியில உன்னைக் காப்பி வாங்கத்தானேடா அனுப்புறாங்க, நாதிர்? நான் பக்லாவா இனிப்பாவது திங்கிறேன்."

கடைக்காரர் ஸீ ஹெடிக்கு (ஸீ என்பது எங்கள் ஊர் 'ஐயா') ஊரெங்கும் கிளைகள். வாடிக்கையாளர் கைபேசியில் ஆர்டர் போட்டால், எந்தக் கிளையில் ஆள் சும்மா இருக்கிறானோ அங்கிருந்து மொபெட்டில் தட்டு கிளம்பும்படி குஃப்ரான் செய்திருந்தாள். ஒரு கிளைக்கு வேலை வந்துவிட்டால் அடுத்த ஆர்டர் தானாக வேறு கிளைக்குப் போய்விடும். அவளுக்கு அதில்தான் பெருமை.

தலைநகர் துனிஸில் ஒரு நிறுவனம் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை தலைமை நடுவர் கையெழுத்திட்ட பட்டச் சான்றோடு போனால் நாற்காலி அவளுக்கு. இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. வெள்ளிக்கிழமை நடுவர் அமர்வு. அதில் தவறினால் நடுவர்கள் மறுபடி கூடுவது குளிர்காலத்தில்.

எங்கள் ஊரில் நடுவர் அமர்வு என்பது கால்வாசி தேர்வு, முக்கால்வாசி கல்யாணம். மாணவரின் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி என்று எல்லோரும் புத்தாடையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தேர்ச்சி என்று வாசித்ததும் குலவை, பிறகு இனிப்பு. ஆனால் தீர்ப்புக்கு முன் தின்பண்டம் அறைக்குள் வரக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. ஒரு வருடம் நடுவர்கள் ஒரு பையனின் வீட்டுத் தட்டைக் காலி செய்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அவனைத் தோற்கடித்திருக்கிறார்கள். அவனுடைய அத்தைமார் செய்த ரகளைக்குப் பிறகு வந்த விதி அது.

அன்று தலைமை நடுவர் ஸீ முன்ஸிஃப், மாடிக்காரர். 'புதுமை எங்கே?' என்பது அவருடைய ஒரே கேள்வி. முடிவெட்டுபவரிடமும் அதைத்தான் கேட்பார் என்று பேச்சு. அவருக்கு வலப்பக்கம் குஃப்ரானின் வழிகாட்டி மேடம் ரவ்தா. இடப்பக்கம், நிறுவனத்தின் சார்பில், கழுத்துப்பட்டியில் மூச்சுத் திணறியபடி ஸீ ஹெடி. அடுத்த அமர்வு என்னுடையது என்பதால் திரையில் படங்களை மாற்றும் வேலையை குஃப்ரான் எனக்குக் கொடுத்திருந்தாள்.

அவள் பேசி முடித்ததும் ஸீ முன்ஸிஃப் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை யாராவது நிஜமா உபயோகப்படுத்துறாங்களா, இல்ல படம் மட்டும்தானா?"

கதவு தட்டப்பட்டது. தலைக்கவசம் போட்ட ஒருவன் பெரிய தட்டோடு எட்டிப் பார்த்தான். "நெஜியாங்கிற பேருக்கு பக்லாவா!"

"என்னோடதுதான், என்னோடதுதான்!" என்று குஃப்ரானின் அம்மா எழுந்தார். "முடிஞ்சப்புறம் வரச் சொல்லலாம்னு நெனச்சேன், முந்திக்கிட்டான். வெளியில வைப்பா."

அறை சிரித்தது. ஸீ முன்ஸிஃப் கூட. "சரி, சாட்சி வந்தாச்சு."

சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொருவன் வந்தான். அதே பெயர், அதே தட்டு. அவனுக்குப் பின்னால் மூன்றாமவன், வியர்த்து வழிந்தபடி.

"இது என்னம்மா, நடுவர்களுக்கு வலை வீசுறீங்களா?" என்றார் ஸீ முன்ஸிஃப். இப்போது அவர் சிரிக்கவில்லை.

குஃப்ரான் வெளுத்துப்போனாள். "அம்மா, எத்தனை தடவை ஆர்டர் போட்ட?"

"ஒரு தடவைதான்டி. பஸ்ஸுல வந்தேனா, சிக்னல் இல்ல, அழுத்தினா ஒண்ணுமே சொல்லல. அதனால திரும்ப அழுத்தினேன். உன் அப்பாவைக் கூப்பிட்டாலும் அப்படித்தானே, பதில் வர்ற வரைக்கும் கூப்பிடுறோம்."

அதே நேரம் ஸீ ஹெடியின் கைபேசி அலறியது. காதில் வைத்தவர் எழுந்தே விட்டார். "என்னது, கல்யாண வீட்டுத் தட்டா? அதை எடுத்து இங்க அனுப்பிட்டியா? டேய், பொண்ணு வீட்டுக்காரங்க கடையில நிக்கிறாங்களா?" ஃபோனை மார்பில் வைத்துக்கொண்டு குஃப்ரானைப் பார்த்தார். "மகளே, என் கடையை மூடிட்டுத்தான் துனிஸ் போவியா?"

விஷயம் இவ்வளவுதான். அம்மா அழுத்திய ஒவ்வொரு தடவையையும் நிரல் புது ஆர்டராக எடுத்துக்கொண்டது. அவளுடைய பெருமைக்குரிய ஏற்பாடு அவற்றை ஒழுங்காக வெவ்வேறு கிளைகளுக்குப் பிரித்தும் கொடுத்துவிட்டது.

"அமர்வை இதோட நிறுத்திக்கலாம்," என்று ஸீ முன்ஸிஃப் பேனாவை மூடினார். "குளிர்காலத்துல வாங்க."

"சார், கொஞ்ச நேரம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

"இது என்ன, மொபெட் ரிப்பேர் கடையா?"

"தொழில் முதுகலைன்னா அதேதான், ஸீ முன்ஸிஃப்," என்றார் மேடம் ரவ்தா. "ஓடுதான்னு பாக்கத்தானே நாம உக்காந்திருக்கோம். உக்காருவோம்."

குஃப்ரான் மின்செருகிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். இன்னும் கிளம்பாமல் இருந்த ஆர்டர்களை முதலில் ரத்து செய்தாள். பிறகு தட்டச்சு செய்துகொண்டே சொன்னாள்: "ஆர்டர் பக்கத்தைத் திறக்கும்போதே அதுக்கு ஒரு அடையாள எண் ஒட்டிடறேன். அதே எண் திரும்ப வந்தா, புது ஆர்டரா எடுக்காது. 'வந்து சேர்ந்தது, பொறுங்க'ன்னு மட்டும் சொல்லும்."

வாசலில் ஸீ ஹெடி தட்டுகளை மொபெட்டில் ஏற்றி, "கல்யாண வீட்டுக்குப் பறங்கடா!" என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சது. அம்மா, இப்ப அழுத்து."

"நான் மாட்டேன்டியம்மா. இந்தத் தடவை லாரி வந்துரும்."

ஸீ முன்ஸிஃப் கை நீட்டினார். "இப்படிக் குடுங்க." அம்மாவின் கைபேசியை வாங்கி ஒருமுறை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அப்புறம் வெறி வந்தவர் போல, கட்டைவிரலால், ஆள்காட்டி விரலால், சிக்னலை அணைத்து, போட்டு, ஜன்னலோரம் போய் நின்று, திரும்பி வந்து அழுத்தித் தீர்த்தார். எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை படித்தபோதும் அவர் முகத்தில் நான் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. திரை ஒவ்வொரு முறையும் பொறுங்கள் என்றது. பட்டியலில் ஒரே ஆர்டர்.

"உடைய மாட்டேங்குதே," என்றார் ஏமாற்றத்தோடு. "சரி, இதுல புதுமை எங்கே?"

"ஒண்ணுமில்ல சார். ரொம்பப் பழைய வழி. எனக்கு இன்னிக்குத்தான் புத்தி வந்தது."

நடுவர்கள் பக்கத்து அறைக்குப் போனார்கள். உள்ளே ஸீ ஹெடியின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. திட்டுகிறாரா, புகழ்கிறாரா என்று சுவர் வழியாகப் பிரிக்க முடியவில்லை. குஃப்ரான் நகத்தைக் கடித்தாள். அவள் அம்மா கைபேசியைக் கைப்பைக்குள் போட்டு மூடி, பை மேல் கையைக் கட்டிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் எல்லோரும் எழுந்தோம். "தேர்ச்சி," என்று வாசித்தார் ஸீ முன்ஸிஃப். "மிக நன்று இல்லை, நன்று. புதுமை: இல்லை. ஓடுகிறது." கடைசி வார்த்தை குலவையில் முங்கிப்போனது.

அந்தச் சத்தத்தில் கதவு தட்டியதை நான்தான் முதலில் கேட்டேன். தலைக்கவசக்காரன். கையில் தட்டு.

"நெஜியா பேருக்கு இன்னொண்ணு. யாரு வாங்கிக்கிறீங்க?"

எல்லோரும் ஸீ முன்ஸிஃபைப் பார்த்தோம்.

"நான்தான் போட்டேன்," என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். "எவ்வளவு அழுத்தினேன், ஒண்ணுதான் வந்திருக்கு பாத்தீங்களா?" ஏதோ அவரே எழுதிய நிரல் மாதிரி. தட்டைத் திறந்து, தேன் சொட்டும் ஓரத் துண்டை நோக்கி விரலைக் கொண்டுபோனார்.

குஃப்ரான் தட்டை அவர் கைக்கு எட்டாமல் இழுத்துத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். மறு கையால் பட்டச் சான்றையும் பேனாவையும் நீட்டினாள்.

"முதல்ல கையெழுத்து, சார். தேன் ஒட்டின காகிதத்தை துனிஸ்ல வாங்க மாட்டாங்க."