வெயிலுக்கு ஃபியூஸ் இல்லை

மாடிக்கு இருபத்திரண்டு சோலார் தகடு ஏறியிருந்தது. இன்னும் பதினாலு பாக்கி. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் நீளம், முப்பது கிலோவுக்குக் குறையாத கனம். வீட்டுக்குள்ளே படிக்கட்டு வழியாகக் கொண்டுபோனால் சுவரில் கீறல் விழும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால் வெளியே சாரம் கட்டி, கயிறு போட்டு, மூன்று மாடி உயரத்துக்குக் கையால் இழுத்தார்கள்.

இழுத்தவனுக்கு ஏணி என்று பட்டப்பெயர். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், அந்த உயரத்துக்குத் தகுந்த சதை கிடையாது. வயர்மேனின் மச்சினன். வயர்மேன்தான் அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்.

"மாமா, இந்த வீட்ல எத்தன பேரு இருக்காங்க?"

"புருசன், பொண்டாட்டி. ஒரு நாயி."

"ரெண்டு பேருக்கா இவ்ளோ கரண்டு?"

"நாய்க்கும் ஏசி இருக்குடா. பேசாம இழு."

"அடுத்த பிறவின்னு ஒண்ணு இருந்தா நான் இந்த வீட்டு நாயா வந்துடறேன்."

"உன் உயரத்துக்கு நாய் வீட்ல இடம் பத்தாது. இழுடா."

வீட்டில் ஆறு ஏசி. நீச்சல் குளத்துக்கு ஒரு மோட்டார். இரண்டு கார் நிற்கிற கொட்டகைக்கு இரவு முழுக்க விளக்கு. மாதா மாதம் வருகிற மின்சார பில்லைப் பார்த்து வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டதாம். கம்பெனிக்காரன் வந்து கணக்குப் போட்டுக் காட்டினான்: முப்பத்தாறு தகடு போட்டால் ஐந்து வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் வெயில் சும்மா. மாடி முழுக்க இரும்புக் கால் நட்டு வேலை நடந்தது.

வயர்மேனுக்கு ஐம்பத்துமூன்று வயது. முப்பத்தொரு வருடமாக வீடுகளுக்கு வயரிங் செய்தவர். இந்தக் கம்பெனிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தகடுகளை ஒன்றோடொன்று கோத்து, பதினாலு தகட்டை ஒரு வரிசையாக்கி, அந்த வரிசையிலிருந்து சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று என்று இரண்டு வயரைக் குழாய்க்குள் விட்டுக் கீழே இறக்குவது அவர் வேலை. முதல் வரிசையை அன்று காலையிலேயே முடித்துவிட்டார். தகட்டின் முதுகில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. அதில் பொடி எழுத்தில் மூன்று பாஷையில் என்னவோ இருந்தது. மூன்றும் அவருக்குத் தெரியாத பாஷை. மேலே ஒரு மின்னல் படம். மின்னல் படம் அவர் திறந்த எல்லாப் பெட்டியிலும்தான் இருந்திருக்கிறது.

பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் மேலே வந்தான். சட்டையில் கம்பெனி முத்திரை, கையில் இரண்டு போன்.

"அண்ணே, ஒரு சின்ன வேலை. பால்கனியில உக்காந்தா அந்தக் குழாய் கண்ணுல படுதாம். மேடத்துக்குப் பிடிக்கல. வயரை அறுத்துட்டு பின்பக்கமா எடுத்துடுங்க."

"நேத்தே காட்டிட்டுத்தானே குழாய் அடிச்சோம்?"

"நேத்து அவங்க பால்கனியில உக்காரல."

ஏணி சிரித்தான். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

"மூணு மணிக்கு மீட்டர்காரங்க வராங்க. அதுக்குள்ள முடிஞ்சாகணும். அவங்க வந்து நிக்கும்போது வயர் தொங்கிட்டு இருந்தா என் வேலை போயிடும்."

வயர்மேன் கீழே இறங்கிப் போனார். மெயின் பெட்டியைத் திறந்து மூன்று ஃபியூஸையும் பிடுங்கினார். பிடுங்கி அங்கே வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இருபது வருடப் பழக்கம். முன்னே ஒரு வீட்டில் இவருடன் வேலை செய்தவன் மேலே வயரைச் சீவிக்கொண்டிருந்தபோது, கீழே யாரோ மிக்சி ஓடவில்லை என்று ஃபியூஸை எடுத்துச் சொருகிவிட்டார்கள். அவனை இறக்கியபோது உயிர் இல்லை. அன்றிலிருந்து ஃபியூஸ் இவர் பையில்தான் இருக்கும். வேலை முடிந்து மற்றவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிப் போடுவார்.

மேலே வந்து, அவசரத்திலும் டெஸ்டரை எடுத்துத் தொட்டுப் பார்த்தார். சிவப்பில் வைத்தார், எரியவில்லை. கறுப்பில் வைத்தார், எரியவில்லை.

"மெயின் எடுத்தாச்சுல்ல?" என்றான் சூப்பர்வைசர்.

"பையில இருக்கு."

"அப்புறம் என்ன, அறுங்க."

சூப்பர்வைசர் கீழே இறங்கிப் போனான். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. வயர்மேன் குழாயின் மூட்டைக் கழற்றி, இரண்டு வயரையும் சேர்த்து இழுத்து, பிளையர் வாயில் ஒன்றாகக் கொடுத்து அழுத்தினார். கரண்டு இல்லாத வயரை அவர் எப்போதும் அப்படித்தான் அறுப்பார்.

வெல்டிங் அடித்ததுபோல் வெளிச்சம் வந்தது. ஃபியூஸ் போகிற வெளிச்சம் டப்பென்று வந்து அணைந்துவிடும். இது அணையவில்லை. வயர் நுனிகளுக்கு நடுவே நின்று சீறியது. பிளையரின் உறை உருகி உள்ளங்கையில் ஓடியது. கையை விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது, கை விடவில்லை.

"ஃபியூஸைப் புடுங்குங்க! ஃபியூஸைப் புடுங்குங்க!" என்று ஏணி கத்தினான்.

கீழே சூப்பர்வைசர் மெயின் பெட்டிக்கு ஓடினான். திறந்து பார்த்தால் மூன்று இடமும் காலி. அவன் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஏணி சாரத்துக் கட்டை ஒன்றை எடுத்து வயர்மேனின் முழங்கையில் ஓங்கி அடித்தான். பிளையர் தெறித்தது. அதற்குப் பிறகும் வயர் நுனிகள் எரிந்துகொண்டே பின்னுக்குப் போய், விலகி விழுந்த பிறகுதான் அணைந்தன. வயர்மேன் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அதைப் பார்க்காமல் இடது கையால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஃபியூஸ் மூன்றும் இருந்தன.

"இங்கதான்டா இருக்கு," என்றார். "எப்படிடா வந்துச்சு?"

கீழேயிருந்து வீட்டுக்காரரின் குரல் கேட்டது. "என்ன சத்தம்? கண்ணாடி ஏதாவது உடைஞ்சுதா?"

* * *

ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் முதல் நாளே போய்விட்டன. நடுவிரல் கரிக்கட்டையாகக் கிடந்தது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இன்னும் உயிர்ச்சூடு இருந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினால் அந்த இரண்டும் தப்பும், வெள்ளிக்கிழமையைத் தாண்டினால் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்று சொன்னார்.

"ரெண்டு விரல் போதும் டாக்டர்," என்றார் வயர்மேன். "டெஸ்டர் புடிச்சுக்குவேன்."

அன்று புதன்கிழமை. வயர்மேனின் மனைவி கீழே கவுண்டருக்கும் மேலே வார்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். துணி தைக்கிற கம்பெனியில் காஜா மெஷினில் பட்டன் ஓட்டை தைக்கிற வேலை. ஆறு நாளாகப் போகவில்லை. வயர்மேனின் கம்பெனி செலவை ஏற்பதாகக் கடிதம் வந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி போடுவோம் என்று கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் சொன்னாள். நேற்றும் அதையே சொன்னாள். ஏணி வரவில்லை. மிச்சத் தகடுகளை ஏற்ற இன்று அவனைத்தான் அனுப்பியிருந்தார்கள். போகாவிட்டால் இனி வர வேண்டாம் என்று சொன்னார்களாம்.

மத்தியானம் கம்பெனி ஆபீசர் வந்தார். பின்னால் சூப்பர்வைசர், கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். ஆபீசர் ஸ்டூலைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்து, ஃபைலைத் திறந்தார்.

"லெட்டர் ரெடியா இருக்கும்மா. இன்சூரன்ஸ்காரன் ஒண்ணே ஒண்ணு கேக்கறான். பயிற்சி எடுத்த ஆளுக்குத்தான் குடுப்பானாம். இதுல ஒரு கையெழுத்து, லெட்டரை இப்பவே கீழ குடுத்துடறேன்."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. பாதுகாப்புப் பயிற்சி வருகைப் பதிவேடு என்று தலைப்பு. கீழே பத்துப் பன்னிரண்டு பெயர்கள், எல்லாம் ஒரே பேனா.

"இது எப்ப நடந்துச்சு?"

"தேதி போட்டிருக்கேம்மா."

"எனக்குத் தெரியும் சார் அந்த நாளு. ஓட்டல்ல ரூம் போட்டுப் படம் காட்டினீங்க. சூப்பர்வைசருங்கெல்லாம் போனாங்க. இவரும் என் தம்பியும் காலைல இருந்து இருட்டுற வரைக்கும் வேற ஒரு வீட்டு மாடியில இருந்தாங்க. இந்த சூப்பர்வைசர் தம்பிதானே சாயங்காலம் வந்து, அங்க மிஞ்சினதுன்னு ரெண்டு சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்தாரு?" அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள். "சொல்லுங்க தம்பி. உங்க பயிற்சியில எங்களுக்கு வந்தது அந்தப் பொட்டலம்தானே?"

சூப்பர்வைசர் பழப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"அந்தப் படத்துல என்ன காட்டினாங்க தம்பி?" என்று வயர்மேன் படுத்தபடியே கேட்டார். "நெஜமாத்தான் கேக்கறேன்."

"தகட்டுல வெயில் பட்டாலே கரண்டு வரும்ணே. மெயினை எடுத்தாலும் மேல வந்துக்கிட்டேதான் இருக்கும், நம்ம டெஸ்டர்ல எரியாது. அறுக்கறதுன்னா தார்ப்பாய் போட்டு மூடணும்னு..."

"உனக்குத் தெரியுமா?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் காட்டினாங்கண்ணே. நான் சரியா..."

"போதும்," என்றார் ஆபீசர்.

நர்ஸ் வந்து ஒரு சீட்டைக் கொடுத்தாள். ஊசி மருந்து, உடனே வேண்டும். ஆபீசர் எழுந்து வயர்மேனின் மனைவிக்கு வழி விட்டார். "நீங்க போய் வாங்கிட்டு வாங்கம்மா. நாங்க பக்கத்துல இருக்கோம்ல."

"அதுதான் பயமா இருக்கு," என்றாள். கணவனின் பக்கம் குனிந்தாள். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. கேட்டுச்சா?"

மருந்துக் கடை மூன்று மாடி கீழே. லிஃப்ட் படுக்கையில் வருகிறவர்களுக்கு மட்டும்.

அவள் செருப்புச் சத்தம் அடங்கியதும் ஆபீசர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். வயர்மேன் தாள்களை இடது கையால் வாங்கி, நெஞ்சில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். முதல் தாள் பதிவேடு. இரண்டாவது இன்சூரன்ஸ். மூன்றாவதில் நான்கே வரி. பயிற்சி பெற்றிருந்தும் பாதுகாப்பு விதிகளை மீறித் தன்னிச்சையாக வேலை செய்ததால் ஏற்பட்ட விபத்து என்று இருந்தது.

"இது என்ன சார்?"

"சும்மா ஒரு படிவம்."

"நான் மீறினேனா? ஃபியூஸை எடுத்துப் பையில வச்சிருந்தேன். தொட்டும் பார்த்தேன். இவரு அறுங்கன்னாரு. நான் என்னத்த மீறினேன்? யாரு எனக்கு என்ன சொன்னீங்க?"

"சரி. தார்ப்பாய் போட்டு மூடிட்டு அறுங்கன்னு யாராவது சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்களா, மாட்டீங்களா?"

"செஞ்சிருப்பேன். ஏன் செய்ய மாட்டேன்?"

"அப்ப சொன்னதாவே வச்சுக்கங்க."

வயர்மேன் அவர் முகத்தையே பார்த்தார். நன்றாக வழித்த முகம்.

"மூணாவது தாளை எடுத்துடுங்க. மத்த ரெண்டுலயும் போடறேன்."

"மூணும் ஒண்ணாத்தான் போகும்."

"அப்ப நாளைக்கு எனக்கு வேலை?"

"மொதல்ல கை சரியாகட்டும்."

"சரியானா வேலை உண்டா?"

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். குரலில் இருந்த மரியாதை கழன்றது. "இங்க பாரு பெரியவரே. நாலரை மணிக்குக் கவுண்டர் மூடிடுவான். நாளைக்குக் காலைல தேதி கேட்டா வெள்ளிக்கிழமை கிடைக்காது, திங்கள்னுவான். டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. விரல் உன்னுது. நான் கெளம்பறேன்."

எழுந்து ஃபைலை மூடினார். சுவர்க் கடிகாரத்தில் நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. வயர்மேன் வாசலைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"பேனாவைக் குடுங்க," என்றார்.

முப்பத்தொரு வருடமாகக் கையெழுத்துப் போட்ட கை துணி உருண்டைக்குள் இருந்தது. இடது கையில் பேனாவைப் பிடித்தார். முதல் எழுத்துக்கே பேனா சறுக்கித் தாளைக் கிழிக்கப் பார்த்தது. ஆபீசர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். அவர் பையில் மைப்பெட்டி இருந்தது, கொண்டுவந்திருந்தார். வயர்மேனின் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, முதல் தாளில் உருட்டினார். இரண்டாவதில் உருட்டினார். மூன்றாவதில் சரியாக விழவில்லை என்று மறுபடி மை தொட்டு உருட்டினார்.

கட்டு மாற்றுகிற தட்டிலிருந்து பஞ்சை எடுத்துத் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். பஞ்சை அந்தத் தட்டிலேயே போட்டுவிட்டு நடந்தார். சூப்பர்வைசர் பழப் பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தான். "வரேண்ணே," என்றான். ஆபீசரின் பின்னால் வேகமாக நடந்தான்.

வயர்மேன் கட்டைவிரலைப் பார்த்தார். ஊதா மை நகக்கண்ணுக்குள் இறங்கியிருந்தது. பஞ்சுத் தட்டு கைக்கு எட்டவில்லை. துடைத்துவிட இன்னொரு கை இல்லை. போர்வையின் அடியில் வைத்துத் தேய்த்தார். மை போகவில்லை, மற்ற விரல்களிலும் ஏறியது.

படியில் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. அவர் கட்டைவிரலை உள்ளே மடக்கி, நான்கு விரலால் மூடிக்கொண்டார்.

அவள் மூச்சு வாங்க வந்து நின்றாள். காலி ஸ்டூலைப் பார்த்தாள், பழப் பையைப் பார்த்தாள். "போய்ட்டாங்களா? நல்லதாப் போச்சு. விரட்டிட்டீங்களா?" தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். ஊசிக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரையைத் தாளிலிருந்து பிதுக்கி எடுத்தாள்.

"இந்தாங்க. கைய நீட்டுங்க."

அவர் நீட்டவில்லை.

"கைய நீட்டுங்கன்னா."