பனிமேல் அளந்த உயரம்

டாலஃப்சன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு. அதன் குறுக்கே, இடுப்பு உயரத்தில், ஒரு மரச்சட்டம் திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்தது. கதவுக்கு அப்பால் படி இல்லை, தரை இல்லை. ஓர் ஆள் உயரத்துக்கு வெறும் காற்றுதான்.

வீட்டை வெர்லின் டாலஃப்சன் தன் கையாலேயே கட்டினான். அப்போது மகள் பிரிட்டா கைக்குழந்தை. முதல் பனி விழுவதற்குள் குடியேறிவிட வேண்டும் என்ற அவசரத்தில், கதவுக்கு வெளியே வரவேண்டிய மரத்தளத்தை, ஊரில் எல்லோரும் டெக் என்று சொல்வதை, அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். கடைசிச் சோதனைக்கு நகர அலுவலகத்திலிருந்து கட்டட இன்ஸ்பெக்டர் ஆரின் லிண்ட்ஸ்காக் வந்தார். கதவைத் திறந்தார், கீழே பார்த்தார், மூடினார். தன் வண்டியிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து வந்து, உதவிக்கு வந்திருந்த ஆட்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, தானே குறுக்கே வைத்து முடுக்கினார். டெக் கட்டி முடித்ததும் கூப்பிடு, நானே வந்து கழற்றித் தருகிறேன் என்றும் சொன்னார்.

ஆரின் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். வெர்லின் அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒரு வேலை முந்திக்கொண்டது. படகின் மோட்டார், கொட்டகையின் கூரை, ஏரிக்கரைப் பலகை. உண்மையான காரணம் என்னவென்று அவன் மனைவி ஆர்டிஸுக்குத் தெரியும். டெக் கட்ட வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்கு ஆரின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

சட்டம் அங்கேயே இருந்து வீட்டுச் சாமானாகிவிட்டது. வெர்லின் அதில் ஆணி அடித்துச் சாவிகளை மாட்டினான். பிரிட்டா தன் தொப்பிகளை மாட்டினாள். ஆர்டிஸ் குளிர்காலத்தில் சட்டத்துக்கு அடியில் நீளப்பிடி மண்வாரியை நீட்டி, சுட்ட தின்பண்டங்களை வெளியே குவிந்த பனிமேல் ஆற வைப்பாள். கிறிஸ்துமஸுக்குச் செய்த எலுமிச்சை இனிப்பு அப்படி வைத்ததுதான், நீல மூடித் தட்டோடு காணாமல் போனது. பக்கத்து வீட்டு ராட்னியின் நாய்மேல் அவளுக்குச் சந்தேகம். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த நாயைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது.

இந்த ஜூனில் பிரிட்டா பள்ளி முடிக்கிறாள். பெர்கன் லேக் என்கிற அந்த ஊரில் பள்ளி முடிக்கும் பிள்ளை இருக்கிற வீடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வைக்கும். ஊரே வந்து, பன்றி இறைச்சி வைத்த பன்னைத் தின்று, பிள்ளையின் சின்ன வயதுப் படங்களைப் பார்த்து, கூடவே வீட்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போகும். ஆர்டிஸ் அப்படி எத்தனையோ வீடுகளின் டெக்கில் காகிதத் தட்டோடு ஓர் ஓரமாய் நின்றிருக்கிறாள். கூட்டத்தில் பேசத் தெரியாதவளுக்குக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு ஏரியைப் பார்ப்பது எவ்வளவு வசதி என்று அவளுக்குத்தான் தெரியும். தன் மகளின் நாளில் மக்கள் அந்தக் கதவு வழியாக வெளியே போக வேண்டும். அதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை, தான் போக வேண்டும்.

பிப்ரவரியில் வெர்லினிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றான். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று பதினெட்டு வருஷமாகப் பழக்கம். அதனால் அவளே வேலையில் இறங்கினாள்.

மார்ச்சில் ஒரு நாள், வெர்லின் சாலைகளில் பனி தள்ளும் வண்டியை ஓட்டப் போனபிறகு, பிரிட்டாவின் கணக்குத் தாளை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்தாள். உயரம் அளக்க வெளியே போனால் ராட்னி பார்த்து என்ன ஏது என்று கேட்பான். அதனால் உள்ளேயிருந்தே சட்டத்துக்கு மேலாகக் குனிந்து, அளவு டேப்பைக் கீழே விட்டாள். அது எதிலோ போய் நின்றது. இரண்டரை அடி. குறித்துக்கொண்டாள். தளம், நான்கு தூண், மூன்று படி எல்லாம் வரைந்தாள். ஓரத்தில் ஒரு பூத்தொட்டியையும் வரைந்து சிவப்புப் பென்சிலால் பூ வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை நகர அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம் காருக்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு டெக் கட்ட அனுமதி வேண்டும். ஆனால் கவுண்டரில் ஆரின் நிமிர்ந்து பார்த்ததும் அவள் வாயிலிருந்து வந்தது "டெக்" என்ற ஒரே சொல். தாளை நீட்டிவிட்டாள்.

ஆரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நாய்க்கு லைசென்ஸ் புதுப்பிக்க வந்து நின்றிருந்தான் ராட்னி. ஊரில் இத்தனை பேர் இருக்க அவன்தான் வரவேண்டுமா என்று அவளுக்கு இருந்தது.

"ரெண்டரை அடின்னு போட்டிருக்கே" என்றார் ஆரின்.

"ஆமா. நானே அளந்தேன்."

"எப்போ?"

"போன வியாழக்கிழமை."

ஆரின் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் பக்கம் பார்த்தார். வண்டி நிறுத்துமிடத்தில் தள்ளி வைத்த பனிக்குவியல், அறிவிப்புப் பலகையின் கழுத்துவரை ஏறியிருந்தது.

"ஆர்டிஸ், வெறும் ரெண்டரை அடின்னா நான் அன்னிக்கு அந்தச் சட்டத்தை அடிச்சே இருக்க மாட்டேன். டேப் எதுல போய் நின்னுச்சு?"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. காது இரண்டும் சுட்டன. "பனியில" என்றாள்.

பின்னால் ராட்னி இருமுவதுபோல ஒரு சத்தம் எழுப்பினான். ஆரின் சிரிக்கவில்லை. உயரம் தெரியாமல் கைப்பிடி, படி, தூண் எதையும் சரிபார்க்க முடியாது, பனி கரைந்ததும் அளந்துகொண்டு வா என்று தணிந்த குரலில் சொன்னார். பனி கரைய ஏப்ரல் கடைசி ஆகும். அதற்குப் பிறகு மனு கொடுத்து, மரம் வரவழைத்து, குழி தோண்டி முடிப்பதற்குள் ஜூன் போய்விடும். ஆர்டிஸ் தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கையுறையைக் கவுண்டரிலேயே விட்டுவந்தது பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கத் தெம்பில்லை.

அன்று மாலைக்குள் கதை பெட்ரோல் நிலையத்துக் காபி மேஜைக்கு வந்துவிட்டது. பனி தள்ளுகிறவன் பெண்டாட்டி பனிமேலேயே டெக் கட்டப் போகிறாளாம், வெர்லின் இனி அந்தப் பக்கம் மட்டும் தள்ளாமல் விட வேண்டியதுதான் என்று வெர்லினின் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்தார்கள்.

சாயங்காலச் சாப்பாட்டில் வெர்லின், மேலே உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட இறைச்சியை இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு தின்றான். ஆர்டிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேஜையிலிருந்து பிரிட்டா மெல்ல நழுவிவிட்டாள்.

"ராட்னி சொன்னான்" என்றான் கடைசியில்.

அவள் முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"படம் எங்க?"

ரொட்டிப் பெட்டிக்கு அடியில் செருகி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து நெடுநேரம் பார்த்தான்.

"இது என்ன, செவப்பா?"

"பூத்தொட்டி."

"கைப்பிடியே போடலையே. தொட்டிய எதுல மாட்டுவ?"

"ரெண்டரை அடிக்குக் கைப்பிடி வேணாம்னு கட்டட விதிப் புத்தகத்துல போட்டிருந்தது."

வெர்லினின் மீசை லேசாக அசைந்தது. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, மண்வாரியோடு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான். வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அவள் கதவைத் தள்ளித் திறந்து, சட்டத்தில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். வேலை நாள் முழுக்கப் பனி தள்ளிவிட்டு வந்தவன், கதவுக்கு நேர் கீழே கிணறு வெட்டுவதுபோல வெட்டிக்கொண்டு போனான். முதலில் முழங்கால் மறைந்தது, அப்புறம் இடுப்பு. பிறகு மண்வாரி எதிலோ பட்டுத் தகரச் சத்தம் கேட்டது.

குனிந்து எடுத்தான். நீல மூடித் தட்டு. மூடியைத் திறந்து பார்த்தான். எலுமிச்சை இனிப்பு கல்லாய் உறைந்து, வெட்டிய சதுரங்கள் அப்படியே இருந்தன.

"ராட்னியோட நாய்கிட்ட நீ மன்னிப்பு கேக்கணும்" என்றான் பள்ளத்திலிருந்து.

"நான் அதை ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லல. ஆனா அதுக்குத் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு நன்றாக வந்தது. கடைசியில் மஞ்சள் பாரித்த புல் தெரிந்தது. டேப்பை விடச் சொன்னான். அவள் விட்டாள். அவன் நுனியைப் புல்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே என்ன காட்டுகிறது என்று கேட்டான். ஆறடி இரண்டு அங்குலம். எழுதிக்கொள்ளச் சொன்னான்.

"வர்ற செவ்வாய்க்கெழம எனக்கு லீவு" என்றான், பனியைத் தட்டிவிட்டபடி. "நானும் வர்றேன்."

"அப்போ நீயே பேசிடறியா?"

"நான் பக்கத்துல நிக்கிறேன். பேச்செல்லாம் நீதான்."

அந்த வாரம் மேஜையில் இருவரும் உட்கார்ந்து படத்தைப் புதிதாய் வரைந்தார்கள். படிகள் மூன்றிலிருந்து ஒன்பதாகின. கைப்பிடி வந்தது. பூத்தொட்டி இடம் மாறிக் கைப்பிடிமேல் ஏறியது.

செவ்வாய்க்கிழமை வெர்லினைப் பார்த்ததும் ஆரின் எழுந்து நின்றார். இருவரும் முதலில் ஏரியில் பனிக்கட்டி இன்னும் எத்தனை தடிமன் இருக்கிறது என்பதைப் பேசினார்கள். பிறகு மீன் கடிக்கிறதா என்பதை. பதினெட்டு வருஷ மனத்தாங்கலைத் தாண்ட அந்த வழியாகத்தான் சுற்றிக்கொண்டு வர முடியும்போல. பேச்சு தீர்ந்ததும் இருவரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு டெக் கட்ட அனுமதி வேணும்" என்றாள். முழு வாக்கியமும் வந்துவிட்டது.

ஆரின் படத்தை வாங்கிக்கொண்டு, இழுப்பறையிலிருந்து அவளுடைய கையுறையை எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் அனுமதி அட்டை வந்தது. வீட்டின் முன் ஜன்னலில், தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி ஒட்டி வைக்க வேண்டிய அட்டை. வெர்லின் அதைச் சமன் பார்க்கும் கருவி வைத்து நேராக ஒட்டினான்.

அட்டையில் ஒரு நிபந்தனை இருந்தது. தூண் குழிகளை இன்ஸ்பெக்டர் பார்க்கும்வரை மூடக்கூடாது. அங்கே குளிரில் மண் உறைந்து உப்பும். குழி ஐந்தடி ஆழம் போகாவிட்டால், சில வருஷத்தில் தூணே மேலே கிளம்பிவிடும். மே மாதம் மண் இளகியதும் வெர்லின் நான்கு குழியும் தோண்டினான். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர் நின்றது, ஓரம் சரியத் தொடங்கியது, ஒரு தவளையும் குடிவந்தது. ஆரின் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. மழை கொஞ்சம் விட்டதும் வெர்லின் தண்ணீரை இறைத்துவிட்டு, சிமெண்டு மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒழுங்காகத்தானே தோண்டியிருக்கிறேன், எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது என்று முணுமுணுத்தான்.

ஆர்டிஸ் மழைக்கோட்டோடு வந்து முதல் குழிக்கு முன்னால் நின்றாள்.

"நான் அந்தக் கவுண்டர்ல ரெண்டு தடவ நின்னுட்டேன், வெர்லின். மூணாவது தடவ நிக்க வச்சிராத."

அவள் குரல் உயரவில்லை. வெர்லின் அவளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மூட்டைகளைக் கொட்டகைக்குள் திருப்பித் தள்ளிக்கொண்டு போய், நான்கு ஒட்டுப்பலகைகளோடு வந்து குழிகளை மூடி, மேலே கல் வைத்தான். தவளையை வாளியில் எடுத்துப் போய் ஏரிக்கரையில் விட்டான்.

ஆரின் வந்தபோது ஈரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு குழியையும் அளந்தார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "மோசமில்ல" என்றார். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. வெர்லின் அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டே சிமெண்டு கலந்தான்.

விருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை என்றும் பார்க்காமல் ஆரின் கடைசிச் சோதனைக்கு வந்தார். படிகளில் ஏறி இறங்கினார். கைப்பிடியில் இடுப்பை வைத்து அழுத்திப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து, கம்பிகளுக்கிடையே ஒவ்வொரு சந்திலும் நுழைத்துப் பார்த்தார். குழந்தையின் தலை புகக்கூடிய இடைவெளி இருக்கக்கூடாதாம். பந்து எங்கும் போகவில்லை. ஆர்டிஸ் காபி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். போட்டே வைத்திருக்கிறேன் என்றாள். சிரமப்பட வேண்டாம் என்றார். மூன்றாம் தடவை கேட்டதும், அரைக் கோப்பை போதும் என்றார்.

அவள் காபியோடு வருவதற்குள் ஆரின் வீட்டுக்குள் போய்க் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். சாவிகளும் தொப்பிகளும் மேஜைமேல் குவிந்திருந்தன.

"கழட்டித் தர்றேன்னு சொல்லியிருந்தேன்" என்றார் வெர்லினிடம்.

"நீங்க மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீதான் மறந்துட்டன்னு நான் நெனச்சேன்."

திருகாணிகளின் தலை தேய்ந்துபோயிருந்தது. முதலாவது அசையவே இல்லை. ஆரின் திருப்புளியால் முயன்றார், வெர்லின் அதை வாங்கி முயன்றான், இவ்வளவு இறுக்கமாக எதற்கு முடுக்கினீர்கள் என்று கேட்டான். நீ கழற்றாமல் இருக்கத்தான் என்றார் ஆரின். இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நெம்புகோலைத் தேடினார்கள். ஆர்டிஸ் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றி வந்து, ஒன்பது படியும் ஏறி, டெக்கில் நின்றாள். புதுப் பலகையின் வாசனை. கீழே ஏரி. கைப்பிடியில் பூத்தொட்டியை அவள் காலையிலேயே மாட்டியிருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் இரண்டு ஆண்களும் வாய் அசைத்து ஏதோ சண்டை போட்டார்கள், சத்தம் வரவில்லை.

சட்டம் ஒரு பக்கம் விட்டது, பிறகு மறுபக்கம். அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்வாங்கியபோது, ஆர்டிஸ் வெளியிலிருந்து கதவைத் தள்ளித் திறந்து உள்ளே நுழைந்தாள்.

நுழைந்த பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் நினைத்திருந்தது உள்ளேயிருந்து வெளியே போவதை. அவள் காபித் தட்டை வெர்லின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி, வாசலைத் தாண்டி வெளியே நடந்தாள். கைப்பிடிவரை போனாள். தொட்டாள். திரும்பி உள்ளே வந்தாள். மறுபடியும் வெளியே போனாள்.

ஆரின் வெர்லினைப் பார்த்தார். வெர்லின் தோளைக் குலுக்கினான்.

"மோசமில்ல" என்றாள் ஆர்டிஸ் வெளியிலிருந்து.

மறுநாள் ஊர் அந்தக் கதவு வழியாக வந்துபோய்க்கொண்டிருந்தது. ராட்னியின் நாய்க்கு முழுசாய் ஒரு பன் கிடைத்தது. அது ஏன் என்று ராட்னிக்குக் கடைசிவரை தெரியவில்லை. பள்ளி முடிப்பு விழா அங்கியோடு வந்த பிரிட்டா தொப்பியை மாட்ட இடம் தேடி, பழக்கத்தில் காற்றில் கையை நீட்டினாள். அம்மாவைத் தேடியபோது அவள் வெளியே, கைப்பிடி ஓரத்தில், காகிதத் தட்டோடு சாய்ந்து நின்றிருந்தாள்.