பாறையோடு ஒரு பேரம்

பொய் சொல்லாத வாய்க்குப் பதினெட்டுப் பவுன் என்று விலை வைத்தார் வீரபாண்டி குமாரசாமி. தாய்மாமன் சீர் என்று அதற்கொரு பெயரும் வைத்தார். வாய், அவர் அக்கா மகள் சித்ரகலாவுடையது.

சித்ரகலாவுக்குப் புனேயில் வேலை. பூமிக்கடியில் தார் மாதிரி உறைந்து கிடக்கிற எண்ணெய்க்குள் நீராவியைச் செலுத்தினால் எவ்வளவு இளகும், எவ்வளவு மேலே ஏறும் என்று கம்ப்யூட்டருக்குள் பாறையைக் கட்டி ஓட்டிப் பார்ப்பாள். மாமனுக்குச் சாயப்பட்டறை. கழிவுத்தண்ணி வழக்கில் அது பாதி நாள் பூட்டிக் கிடந்த 2007-ல், மும்பைத் தரகன் ஒருவன் பேச்சைக் கேட்டு, கடல் தாண்டி எவனோ கைவிட்ட எண்ணெய்க் கிணறுகளுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். இருபது வருசம் பாய்லர் வைத்திருப்பவனுக்கு ஆவியைப் பற்றி எவன் சொல்லித் தரணும் என்பது அவர் கட்சி. அந்தப் பாய்லர் பக்கம் அவர் போனது ஆயுத பூஜைக்கு மட்டும்தான்.

மீதிப் பணத்துக்குச் சொந்தத்தைக் கூட்டினார். படித்த பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் போட்டுவிடுவார்கள். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் சித்ரகலாவின் அத்தை மயிலாள். புருசன் போன பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே தோட்டத்தை விற்ற பணம், மடியில் மஞ்சப்பையில் இருந்தது.

முந்தின நாளே சித்ரகலா மாமனிடம் சொல்லியிருந்தாள், கிடக்கிற எண்ணெயில் நூற்றுக்கு எட்டுதான் வரும் என்று. அவர் சிரித்தார். துணி வாங்க வருகிற வெள்ளைக்கார பையரே முதல் ரேட்டைக் கெட்டியாகச் சொல்லி அப்புறம் இறங்கி வருகிறான், பாறை மட்டும் என்ன பெரிய இதுவா?

"எட்டுல ஆரம்பிச்சா எங்கியாவது நாப்பதுல முடியும் கண்ணு. பாத்துப் போட்டுக் குடு."

இப்போது சபை நடுவில், பேசிக்கொண்டே தோள் துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டார். மாட்டுச் சந்தைப் பழக்கம். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்தால் விலை. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நான்கு விரலைப் பிடித்தார். நாற்பது. அவள் கையை இழுத்தாள். மூன்றைப் பிடித்தார், பெரிய மனசு பண்ணுகிற முகத்தோடு. அதுவும் படியாமல் இரண்டைப் பிடித்து, மூன்றாவதை நடுக்கணுவில் அமுக்கினார். இருபத்தைந்து. பூமிக்கே அரை விரல் சலுகை.

துண்டைப் பார்க்காமல் தன் முகத்தையே பார்க்கிற அத்தையைச் சித்ரகலா பார்த்தாள். துண்டை உருவி மேஜைமேல் வைத்தாள்.

"மாமா, பாறைக்கு வெரல் இல்லீங்க. எட்டுன்னா எட்டுதான்."

வெட்டிப் பேசாதே, அந்த எட்டுக்கும் காசு உண்டுதானே என்று மாமன் சீறினார். அவள் அத்தை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த எட்டை எடுக்கறதுக்கு ஆகற கணக்கக் கேளுங்கத்தை. ஆவி காய்ச்ச நூறு பீப்பாய் எண்ணெய் எரிக்கறம்னு வெச்சுக்கங்க. பொகபோக்கியில இருவது பீப்பாய்ச் சூடு போயிருது. ஆவி எறங்கற கொழாய்ல இருவத்தஞ்சு. மேல மூடியிருக்கற பாறை முப்பதக் குடிச்சுப் போடுது. எண்ணெய்க்குன்னு போய்ச் சேர்றது மிச்சம் இருவத்தஞ்சு. அந்தச் சூட்டுல மேல வர்றது எம்பது பீப்பாய்ங்க."

மயிலாள் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தாள்.

"அப்ப வரவு எம்பது, செலவு நூறுங்களா கண்ணு?"

"ஆமாங்கத்தை. பாக்கி இருவது, நம்ம தலையில."