இறங்கிய புள்ளி

கண்ணாடிக் கடையில் அவருக்குப் புள்ளிக்காரர் என்று பெயர். தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்துப் போடுகிற கண்ணாடிக்கு, கண்மணி எங்கே நிற்கிறது என்று பார்த்து, அவர் மாட்டியிருக்கும் சட்டத்தின் வெற்றுக் கண்ணாடிச் சில்லில் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியை வைத்துத்தான் பின்கட்டில் சில்லைத் தேய்ப்பார்கள். ஆளுக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய், தன் கண்ணையே பார்க்கச் சொல்வார். அவர் புள்ளி பிசகியதே இல்லை என்பது கடை முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவரின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாருக்கும் ஒரே புகார்தான். எழுத்தைப் படிக்கத் தாடையைத் தூக்க வேண்டியிருக்கிறதாம். புள்ளி கீழே இறங்கியிருந்தது. முதலில் சில் தேய்ப்பவரைத் திட்டித் தீர்த்தார். பிறகு பேனாவை மாற்றினார். பிறகு, யாருக்கும் தெரியாமல் தன் கண்ணையே சோதித்துக்கொண்டார். அதில் ஒரு குறையும் இல்லை. முதலாளி தன்மையாகத்தான் பேசினார். இப்படியே போனால் புள்ளி வைக்கிற நாற்காலியை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிவரும், அவர் பின்கட்டுக்குப் போய்விடலாம் என்றார். திட்டிய ஆளின் பக்கத்திலேயே போய் எந்த முகத்தோடு உட்காருவது?

தன் வாயைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. காலையில் அவசரமாக ஒரு தேய்ப்பு, பகல் முழுக்கக் கன்னத்தில் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய். இரவில் பல் தேய்ப்பதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்பது அவர் கொள்கை.

ஒரு விடுமுறை நாளில் மனைவிக்கு அளவெடுக்க, அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தார். அவர் கண்ணைப் பார்த்தபடியே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு விரலளவு பின்னால் சாய்த்தாள். புள்ளியை வைத்துவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது. நேற்று வந்த டிரைவரும் இப்படித்தான் சாய்ந்தார், அதற்கு முன் வந்த டீச்சரம்மாவும். தலை பின்னால் சாய்ந்தால் கண்மணி சட்டத்துக்குள் கீழே இறங்கும், புள்ளியும் கூடவே இறங்கும். கூச்சம் என்று நினைத்திருந்தார். கட்டிக்கொண்டவளுக்கு என்ன கூச்சம்?

"ஏன் தலையப் பின்னால இழுக்கற?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "வாய் நாறுதுங்க. ரொம்ப நாளா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்க மூஞ்சி வாடிப்போயிடும். எனக்கு அதப் பார்க்க முடியாது. அதான் திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

இடுப்பு வலியால்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள் என்று நம்பி, அவர் புது மெத்தை வேறு வாங்கிப் போட்டிருந்தார். கோபம் வந்தது. அவமானமாகவும் இருந்தது. இருந்தாலும் மறுநாளே பல் டாக்டரிடம் போனார்.

டாக்டர் ஈறோரம் கல்லாக இறுகியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். நாக்கில் படிந்ததும் பல்லிடுக்கில் தங்கியதும்தான் நாற்றத்துக்குக் காரணம், மிட்டாய்ச் சர்க்கரை கிருமிகளுக்கு விருந்து வைத்தது என்றார். படுக்கப்போகும் முன் பல் தேய்க்க வேண்டும், இடுக்கில் நூல் விட வேண்டும், நாக்கை வழிக்க வேண்டும். புள்ளிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார். முதலில் ஈறில் ரத்தம் கசிந்தது, பிறகு நின்றது. கெட்டியானதையும் கூசாமல் கடித்துச் சாப்பிட முடிந்தது. ஒருநாள், எதிர் நாற்காலியில் அளவெடுக்க உட்கார்ந்த ஒரு பெரியவர் தலையை அசைக்காமல், அவர் முகத்துக்கு நேரே பேரன் கதையைச் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புள்ளி தன் இடத்துக்கு ஏறியது. முதலாளி நாற்காலிப் பேச்சை விட்டுவிட்டார்.

மனைவிக்கு மறுபடியும் அளவெடுத்தார். இந்த முறை அவள் சாயவில்லை. கண்ணாடி வந்ததும் மாட்டிக்கொண்டு, அவர் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"புருவத்துல நரை விழுந்திருக்கே. எப்ப இருந்து?"

அது விழுந்து வருடக்கணக்காகிறது.

"நேத்துதான்" என்றார்.